கறுவா எண்ணெயும் கிருமிகளின் பேச்சும்

கறுவாவின் வரலாறு என்றதும் நம்மவர் நினைவுக்கு முதலில் வருவன கப்பல்களும் கோட்டைகளுமே. 1505 ஆம் ஆண்டில் இலங்கைக் கரையை அடைந்த போர்த்துக்கேயரும், 1656 இல் கொழும்பைக் கைப்பற்றிய ஒல்லாந்தரும், 1796 இல் அவர்களை வெளியேற்றிய ஆங்கிலேயரும் இம்மரப்பட்டையின் வாணிகத்தைத் தமக்கே உரியதாக்கிக்கொள்ள முயன்றனர். கொழும்பு நகரின் ஒரு பகுதி இன்றும் கறுவாத்தோட்டம் என்னும் பெயரைத் தாங்கி நிற்கின்றது. ஆயினும் அப்பட்டையிலிருந்து வடித்தெடுக்கப்படும் எண்ணெய்க்கு வேறொரு வரலாறும் உண்டு. அது அரசர்களின் வரலாறன்று. கண்ணுக்குப் புலப்படாத பற்றீரியாக்களை மனிதன் படிப்படியாக விளங்கிக்கொண்ட வரலாறு. நேயர்களே, இன்று அதனையே சொல்ல விரும்புகின்றேன்.

வாசனைத் திரவியங்கள் உணவு கெடுவதைத் தடுக்கும் என்பதைப் பண்டையோர் அனுபவத்தால் அறிந்திருந்தனர். காரணத்தை ஆராய்ந்தவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் விஞ்ஞானிகளே. 1834 இல் பிரெஞ்சு இரசாயன அறிஞர்களான டூமாவும் பெலிகோவும் கறுவா எண்ணெயிலிருந்து அதன் மணத்துக்கும் காரத்துக்கும் மூலமான பொருளைப் பிரித்தெடுத்தனர். சின்னமல்டிகைட்டு என்பது அதன் பெயர். பின்னர் 1887 இல், பாஸ்டரின் உதவியாளராக இருந்த சார்ல்ஸ் சாம்பர்லாந்து, பல்வேறு வாசனை எண்ணெய்களை அந்திராக்ஸ் நோய்க் கிருமியின்மீது சோதித்துப் பார்த்தார். அக்கிருமியை அடக்குவதில் கறுவா எண்ணெய் முன்வரிசையில் நின்றது.

அக்காலத்து அறிஞர் கேட்ட கேள்வி ஒன்றே: இப்பொருள் கிருமியைக் கொல்லுமா, கொல்லாதா? கிருமி என்பது தனித்து வாழ்ந்து, உண்டு, இரண்டாகப் பிரிந்து பெருகும் ஓர் எளிய உயிர் என்றே எண்ணினர். 1928 இல் பிளெமிங் கண்டறிந்த பெனிசிலின் எண்ணற்ற உயிர்களைக் காத்தபோது, கொல்லுவதே வழி என்னும் எண்ணம் மேலும் உறுதிப்பட்டது. ஆனால் அதே பிளெமிங், 1945 இல் நோபெல் பரிசு பெற்று ஆற்றிய உரையில், மருந்தை அளவு குறைத்து உட்கொண்டால் அதற்கு அடங்காத கிருமிகள் தோன்றும் என எச்சரித்தார். எச்சரிக்கை மெய்யாயிற்று. பல மருந்துகளுக்கும் அடங்காத கிருமிகள் இன்று உலகெங்கும் வைத்தியசாலைகளில் காணப்படுகின்றன.

இந்த இக்கட்டிலிருந்து மீள உதவக்கூடிய ஒரு கருத்து, எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. கடலில் ஒளிவீசும் பற்றீரியாக்கள் சில உள. 1970 இல் அமெரிக்காவில் நீல்சன், பிளாட், ஹேஸ்டிங்ஸ் என்னும் ஆராய்ச்சியாளர் அவற்றைக் குடுவையில் வளர்த்து நோக்கினர். தொகை குறைவாயிருக்கும்வரை ஒளி தோன்றவில்லை. கூட்டம் நெருங்கியதும் திடீரென ஒளி பெருகிற்று. நெருங்கி வளர்ந்த பற்றீரியாக்களை நீக்கிவிட்டு, அவை வாழ்ந்த நீரை மட்டும் புதிய சிறு கூட்டத்துக்கு ஊட்டியபோது, அதுவும் காலத்துக்கு முன்னரே ஒளிர்ந்தது. ஒவ்வொரு பற்றீரியாவும் ஏதோ ஒரு பொருளை வெளியிடுகின்றது. அது நீரில் ஓரளவுக்கு மேற் சேர்ந்ததும், ‘நாம் பலராயினோம்’ என எல்லாம் அறிந்து ஒருங்கே செயற்படுகின்றன என்பதே அவர்கள் கண்ட உண்மை.

பல ஆண்டுகள் இது கடலுயிர்களின் விசித்திரம் என்றே கருதப்பட்டது. 1981 இல் அந்த அறிவிப்புப் பொருளின் அமைப்பு தெளிவாயிற்று. 1990 களில் அதனையொத்த பொருள்கள் நோய்க் கிருமிகளிடத்தும் காணப்பட்டன. தீப்புண்ணிலும் நுரையீரலிலும் தங்கும் சூடோமோனாஸ் என்னும் கிருமி அவற்றுள் ஒன்று. சிலராக இருக்கும்போது நஞ்சை வெளியிட்டால் உடலின் காவற்படை விழித்துக்கொள்ளும். ஆதலின் அது பலராகும்வரை அடங்கியிருந்து, பின்னரே நஞ்சை உமிழ்கின்றது. சபைகளில் உறுப்பினர் குறித்த தொகையினர் கூடினாலன்றித் தீர்மானம் நிறைவேறாது. அதனைக் கூட்ட நடப்பெண் என்போம். 1994 இல் விஞ்ஞானிகள் அவ்வழக்கைத் தழுவியே பற்றீரியாக்களின் இச்செயலுக்குப் பெயரிட்டனர்.

அப்படியாயின், கிருமியைக் கொல்லாமல் அதன் பேச்சை மட்டும் தடுக்கலாகாதா? தாவர உலகம் இதற்கு முன்னரே விடை கண்டிருந்தது. அவுஸ்திரேலியக் கடலில் வளரும் ஒரு சிவப்புப் பாசி, தன்மீது கிருமிகள் படியாதவாறு அவற்றின் அறிவிப்பைக் குழப்பும் பொருளைச் சுரக்கின்றது என்பது 1996 இல் வெளிப்பட்டது. 2006 இல் கறுவாவின் சின்னமல்டிகைட்டு, கிருமியைக் கொல்லப் போதாத சிறு அளவிலேயே அந்தப் பேச்சைத் தடுக்கின்றது எனக் காட்டப்பட்டது. 2008 இல் பெல்ஜிய ஆராய்ச்சியாளர் அதன் வழியையும் விளக்கினர்: செய்தியைப் பெற்றுப் பரம்பரை அலகுகளை இயக்கும் புரதம் தன் இடத்திற் சென்று பொருந்தாதவாறு அது தடுக்கின்றது. 2009 இல் இந்தியாவின் அலிகார் நகர ஆராய்ச்சியாளர் 21 எண்ணெய்களைச் சோதித்தனர். கூட்டம் பெருகியதும் ஊதா நிறம் கொள்ளும் ஒரு பற்றீரியா அவர்களுக்குச் சாட்சியாக அமைந்தது. கராம்பு எண்ணெய் பட்ட இடத்தில் அது உயிரோடிருந்தும் நிறம் கொள்ளவில்லை. கறுவா எண்ணெயும் அத்தன்மையைக் காட்டிற்று.

1887 இல் கேட்கப்பட்ட கேள்விக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை நேயர்கள் கவனித்தல் வேண்டும். கொல்லும் மருந்து, அதற்குத் தப்பிய ஒருசில கிருமிகளுக்கு இடத்தை ஒழித்துக் கொடுக்கின்றது, அவையே பெருகுகின்றன. பேச்சை அடக்கும் பொருளோ எவற்றையும் அழிப்பதில்லை. ஆதலின் அடங்காத இனம் தலையெடுக்கும் வாய்ப்புக் குறையலாம் என்பது அறிஞரின் எதிர்பார்ப்பு. எனினும் இதனைக் குறையற்ற வழி என்று கொள்ளலாகாது. பாசியின் பொருள் மனிதருக்கும் தீங்கு விளைக்கத்தக்கது. அவ்வினப் பொருளுக்கும் அடங்காத சூடோமோனாஸ் கிருமிகள் உண்டு என்பது 2012 இல் அறியப்பட்டது. கறுவா எண்ணெய் நீரிற் கரையாது. காற்றில் எளிதில் ஆவியாகும். செறிவாகப் பட்டால் தோலையும் வாயையும் புண்படுத்தும். ஆய்வுகூடத் தட்டில் நிகழ்ந்தது நோயாளியின் உடலில் நிகழ்வதற்கு இன்னும் நெடுந்தூரம் உண்டு. ஆதலின் இவ்வரலாற்றைக் கேட்டு, வைத்தியர் தந்த மருந்தை இடையில் நிறுத்தி எண்ணெய்ப் போத்தலை நாடுதல் பேதைமை. பிளெமிங்கின் எச்சரிக்கை அத்தகையோருக்கும் உரியது.

முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஏகாதிபத்தியங்கள் விரும்பியது கறுவாவின் விலையை. சாம்பர்லாந்து கண்டது அதன் கொல்லும் வன்மையை. கொல்லாமலே தடுக்கும் ஆற்றல் அதே எண்ணெயில் அன்றும் இருந்தது. கிருமிகள் தம்முட் பேசுகின்றன என்று அறியும்வரை அதனைத் தேடுவதற்கு எவருக்கும் காரணமிருக்கவில்லை. பழைய பொருளைப் பற்றிப் புதிய கேள்வி கேட்கும் பழக்கத்தை நம் மாணவர் பெறுவாராயின், நம் தோட்டங்களில் நிற்கும் மரங்கள் இன்னும் பல விடைகளைத் தரக்கூடும்.