விட்டு வந்த கூடு

யமனை ஏய்த்துவிடத் துணிந்த மந்திரவாதிகள் உலகத்துக் கதைகளில் எங்கும் உண்டு. ருஷ்ய நாட்டுக் கொஷ்சேய் தன் மரணத்தை ஓர் ஊசி முனையில் வைத்து, ஊசியை முட்டைக்குள்ளும், முட்டையை வாத்துக்குள்ளும், வாத்தை முயலுக்குள்ளும் அடக்கி, அம்முயலைப் பெட்டியிலிட்டுக் கடல் நடுவே ஒரு தீவில் மறைத்தான். நம் பாட்டிமார் சொன்ன ராட்சசனோ ஏழு கடலுக்கும் ஏழு மலைக்கும் அப்பால் ஒரு கிளியிடம் தன் உயிரை ஒப்படைத்தான். பாரத தேசத்துப் பண்டைக் கதாசிரியர்களின் கற்பனை இதனோடு அமையவில்லை. உயிரை ஒளித்து வைப்பதினும் துணிகரமான காரியம், பழுத்துத் தளர்ந்த தேகத்தைக் கழற்றிவிட்டுப் பிறனொருவன் தேகத்தில் குடியேறுவது. வடமொழியார் பரகாயப் பிரவேசம் என்றும், நம்மவர் கூடு விட்டுக் கூடு பாய்தல் என்றும் வழங்கிய அவ்வித்தை, பதஞ்சலியின் யோக சூத்திரத்து மூன்றாம் பாதத்திலேயே சித்திகளுள் ஒன்றாக இடம் பெற்றுவிட்டது. உடலோடு சித்தத்தைப் பிணைக்கும் கட்டுத் தளர்ந்து, சித்தம் சஞ்சரிக்கும் வழியும் தெரிந்துவிட்டால் பிறர் சரீரத்தில் புகலாம் என்பது சூத்திரம். அரசத் தேனீ பறந்தால் மற்றத் தேனீக்கள் பின்தொடர்வதுபோல், சித்தம் சென்ற இடத்துக்கு இந்திரியங்களும் சென்றுவிடும் என்பது வியாச பாஷ்யம்.

வித்தையின் முறை இவ்வளவில் முடிந்துவிடுகிறது. கதாசிரியர்களைக் கவர்ந்தது அதன் பின்விளைவு. விட்டு வந்த கூட்டை யார் காப்பது? புகுந்த கூட்டுக்கு உரியவனின் மனைவி மக்களுக்கு யார் பதில் சொல்வது?

பதினோராம் நூற்றாண்டில் காச்மீரத்து அரசன் அனந்தனின் தேவியாகிய சூரியமதியின் பொருட்டுச் சோமதேவர் இயற்றிய கதாசரித்சாகரத்தில், குருதட்சிணையாக ஒரு கோடிப் பொன் கேட்ட ஆசிரியருக்காக மூன்று மாணாக்கர் நந்த மன்னனை நாடிச் செல்ல, அவர்கள் போய்ச் சேர்ந்த வேளையில் மன்னன் மாண்டு போகிறான். உடனே இந்திரதத்தன் பாழ்ங்கோயில் ஒன்றில் தன் உடலைக் கிடத்தி, வியாடியைக் காவல் வைத்துவிட்டு, அரசன் பிரேதத்தில் புகுந்து எழுகிறான். வரருசி வந்து யாசிக்க, கோடிப் பொன்னும் கொடுக்கச் சொல்லி ஆக்ஞை பிறக்கிறது. மந்திரி சகடாலன் மகா சூட்சும புத்திக்காரன். செத்த அரசன் பிழைத்ததும், பிழைத்த கணமே ஒருவன் வந்து கோடி கேட்டதும், கேட்டவுடன் அது கிடைத்ததும் தற்செயலாக நேர்ந்திருக்க முடியாது என்று அவன் ஊகித்துவிட்டான். ஆயினும், இளவரசன் சிறுவன், பகைவரோ பலர் என்று எண்ணி, இந்தப் பொய் நந்தனே இப்போதைக்கு அரியணையில் இருக்கட்டும் என்று தீர்மானித்து, ஊரில் எங்கே பிணம் கிடந்தாலும் எரித்துவிடும்படி உத்தரவிட்டான். பாழ்ங்கோயிலில் கிடந்த உடலையும், வியாடி தடுத்தும் கேளாமல், இழுத்துச் சென்று எரித்துவிட்டார்கள். திரும்பிப் போக வீடில்லாத அந்தப் பிராமணன், யோகநந்தன் என்ற பெயருடன் தனக்குரியதல்லாத தேகத்தில், தனக்குரியதல்லாத ராஜ்யத்தை ஆண்டு, நாளடைவில் மதம் பிடித்துக் கெட்டுப் போனான். மரணத்தை வென்றவனை அரசாங்க உத்தரவு ஒன்று சிறைப்பிடித்துவிட்டது என்பதில் இருக்கும் நகைச்சுவை, மந்திரி பதவியின் இயல்பை அறிந்தவர்களுக்கு நன்றாகவே விளங்கும்.

இதே உத்தரவைப் பிற்காலத்துச் சங்கர விஜயத்திலும் காண்கிறோம். வாதத்தில் உபயபாரதி என்னும் பெண்மணி எழுப்பிய வினாவுக்கு விடை தேடி அமருக மன்னனின் உடலில் புகுந்த ஆதிசங்கரரைத் தம்மிடமே நிறுத்திக்கொள்ள எண்ணிய மந்திரிகளும், காணும் பிணங்களை எல்லாம் எரிக்கவே ஆள் விடுகிறார்கள். சீடர்கள் பாடகர் வேஷத்தில் வந்து நினைவூட்டியதால் ஆசாரியர் தருணத்தில் மீண்டார். பழங்கதையின் சரக்கு மகான்களின் சரித்திரத்திலும் புகுந்துவிடுவது நம் நாட்டில் புதுமையன்று.

தமிழ் நாட்டில் இவ்வரலாறு வேறு திசையில் திரும்புகிறது. பொதிகைக்குச் செல்லும் வழியில், சாத்தனூரில் மூலன் என்னும் இடையன் இறந்து கிடக்க, அவனைச் சூழ்ந்து கதறிய பசுக்களின் துயரம் பொறாது அவ்வுடலில் புகுந்த சிவயோகியார், யமனை ஏய்க்க எண்ணியவர் அல்லர். மாலையில் பசுக்களை ஊர் சேர்த்துவிட்டு நின்றவரை மூலனின் மனைவி வந்து தொட, உனக்கும் எனக்கும் உறவில்லை என்று அவர் விலகிவிட்டார். அவள் மறுநாள் ஊராரிடம் முறையிட்டதைச் சேக்கிழார் மறைக்காமல் பாடியிருக்கிறார். யோகியாரின் பழைய உடலை இறைவனே மறைத்தருள, திருவாவடுதுறையில் திருமந்திரம் பிறந்தது. சைவ உலகம் பெற்றது பெரும் பேறு. எனினும், ஒரே நாளில் கணவனை இழந்து, இழந்ததையும் அறியாமல், வாசலில் காத்திருந்த அந்தப் பெண்ணின் பெயரைக்கூட நாம் அறியோம்.

புகுந்த கூட்டுக்கு உரியவனின் சுற்றத்தாருக்கு யார் பதில் சொல்வது என்ற கேள்வியைக் கூர்மையாகத் தொட்ட கதை, விக்கிரமனின் தோளில் கிடந்து வேதாளம் சொன்னவற்றுள் ஒன்று. கலிங்கத்து அக்கிரகாரம் ஒன்றில் பதினாறு வயதுப் பிள்ளை இறந்துவிட, சுடுகாட்டில் வசித்த கிழப் பாசுபதத் துறவி அவ்வுடலைக் கண்டு ஆசை கொண்டான். தனியிடம் சென்று முதலில் வாய்விட்டு அழுதான், பிறகு கூத்தாடினான், பிறகு இளைஞனின் உடலில் புகுந்து சிதையிலிருந்து எழுந்தான். சுற்றத்தார் ஆரவாரிக்க, பாசுபத விரதம் பூண்டாலன்றித் தனக்கு ஆயுள் இல்லை என்று ஒரு பொய் சொல்லி, தன் கிழட்டுச் சரீரத்தைப் பள்ளத்தில் எறிந்துவிட்டுக் காட்டுக்குப் போய்விட்டான். அழுதது ஏன், ஆடியது ஏன் என்பது வேதாளத்தின் கேள்வி. குழந்தைப் பருவம் முதல் கூட இருந்த உடலைப் பிரிவதால் அழுதான். புதிய உடலால் சித்திகள் பெருகும் என்பதால் ஆடினான் என்பது அரசனின் விடை.

விடை சரியானதே, வேதாளமும் அதை ஏற்றுக்கொண்டு மரத்துக்குத் திரும்பிவிட்டது. ஆனால் அத்துறவி தன் உடலுக்காக அழுதானேயன்றி, பிள்ளை பிழைத்தான் என்று நம்பிய தாய் தகப்பனுக்காக ஒரு சொட்டுக் கண்ணீரும் விடவில்லை. மந்திரவாதிகளால் ஏய்க்கப்பட்டவன் யமன் என்று கதைகள் சொல்லுகின்றன. யமன் தன் கணக்குப்படி அந்தப் பதினாறு வயதுப் பிள்ளையைக் கொண்டுபோய்விட்டான், ஏமாந்தவர்கள் பெற்றவர்களே.