ரூரோனி கென்ஷின் (திரைப்படம்)

ரூரோனி கென்ஷின் 2012 ஆகஸ்ட் மாதம் வெளியான ஜப்பானிய சாமுராய் திரைப்படம் ஆகும். நொபுஹிரோ வாட்சுகி 1994 முதல் 1999 வரை தொடராக வரைந்த புகழ்பெற்ற மங்காவைத் தழுவி கெய்ஷி ஓத்தோமோ இதனை இயக்கினார். கென்ஷினாக நடித்தவர் தக்கேரு சாத்தோ.

கதை நிகழும் ஆண்டு 1878. ஷோகுன் ஆட்சி வீழ்ந்து பத்தாண்டுகள் ஆகிவிட்டன. அதை வீழ்த்தியவர்களுக்காகக் கியோத்தோவில் பலரைக் கொன்ற கென்ஷின், இனி எவரையும் கொல்வதில்லை என்ற உறுதியுடன் ஊர் ஊராக அலைகிறான். அவனது வாளின் கூர், வழக்கத்துக்கு மாறாக, வளைவின் உட்புறத்தில் இருக்கும், அடித்தால் வெட்டாது. ஆனாலும் அது சட்டத்துக்குப் புறம்பானதே. படையினர், காவலர் போன்ற சிலரைத் தவிர மற்றவர்கள் பொது இடத்தில் வாள் அணிவதை 1876 ஆம் ஆண்டு ஆணை தடைசெய்திருந்தது.

கென்ஷினுக்கு முன்மாதிரி கவகாமி கென்சாய் என்னும் உண்மையான கொலையாளி. மேற்கத்திய அறிவியலை ஆதரித்த அறிஞர் சகுமா சோசானை 1864 இல் கியோத்தோவில் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றவர். ஆட்சி மாறிய பின்னும் வெளிநாட்டவரை விரட்ட வேண்டும் என்ற கொள்கையை அவர் விடவில்லை. யாருக்காக வாளெடுத்தாரோ அவர்களின் அரசே 1872 தொடக்கத்தில் அவருக்கு மரண தண்டனை விதித்தது.

காவல் அதிகாரியாக வரும் சைத்தோ ஹாஜிமேயும் வரலாற்று மனிதரே. ஷோகுன் தரப்பின் ஷின்சென்குமி படையில் இருந்த அவர், தோல்விக்குப் பின் பெயரை மாற்றிக்கொண்டு தோக்கியோ காவல்துறையில் சேர்ந்தார். 1915 வரை வாழ்ந்தார். தோற்றவருக்கு அரசு வேலை, வென்றவருக்குக் கொலைக்களம்! மங்கா இந்த விதியை மாற்றி, கென்சாய்க்குக் கிடைக்காத ஆண்டுகளைக் கென்ஷினுக்குக் கொடுத்தது.

1873 இல் கட்டாயப் படைச்சேவை வரக் காரணமாக இருந்தவர் யமகாத்தா அரித்தோமோ. உழவர் மக்களும் படைவீரராகவே, போர்த்தொழில் சாமுராய்களுக்கு மட்டும் உரியது என்ற நிலை போயிற்று. படத்தில் அவரே கென்ஷினுக்குப் பதவி தர முன்வருகிறார். கென்ஷின் மறுத்துவிடுகிறான்.