இன்குபேட்டரும் இரு கண்களும்

நாமக்கல் வட்டாரத்தில் வாழும் நமக்குக் குஞ்சு பொரிப்பகம் புதிய காட்சியன்று. இன்குபேட்டர் என்னும் பெட்டிக்குள் 37.5 டிகிரி செல்சியசை ஒட்டிய வெப்பத்தில் முட்டைகளை அடுக்கி வைக்கிறார்கள். 21 நாளில் குஞ்சுகள் வெளிவருகின்றன. வெப்பமோ ஈரப்பதமோ சற்றுப் பிசகினாலும் ஆயிரக்கணக்கான முட்டைகள் பாழாகும். எனவே நேற்று வேலைக்கு வந்தவரை நம்பி எந்த உரிமையாளரும் பெட்டியை ஒப்படைத்துவிட்டுப் போகமாட்டார்.

இதே பெட்டியின் உறவினர் மருத்துவமனையிலும் இருக்கிறது. அதற்குள் படுத்திருப்பது குறைமாதக் குழந்தை. அங்கே நிலைமை எப்படி?

என் மாணவி ஒருத்தியின் அக்கா தனியார் மருத்துவமனை ஒன்றில் செவிலியராகப் பணியாற்றுகிறார். ஆள் குறைப்பினால் பொது வார்டிலிருந்த அவரைப் பச்சிளங்குழந்தைப் பிரிவுக்கு மாற்றினார்கள். கருவி விற்ற நிறுவனத்தின் ஆள் அரை மணி நேரம் பொத்தான்களைக் காட்டிவிட்டுப் போனார். பயிற்சி அவ்வளவுதான். ஒருநாள் அவர் என்னிடம் கேட்டார்: “சார், திரையில் ஆக்சிஜன் அளவு 88-க்கு இறங்கினால் மணி அடிக்கிறது. 100-ல் நின்றால் சத்தமே இல்லை. அப்படியானால் 100 இருப்பது நல்லதுதானே?”

இயற்பியல் ஆசிரியனான எனக்கும் அன்று சரியான விடை தெரியவில்லை. தேடிப் படித்தபோது, அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு நூற்றாண்டு வரலாறு இருப்பதைக் கண்டேன்.

கோழிப் பெட்டியிலிருந்து பிறந்த கருவி

1878-ம் ஆண்டு. பாரிஸ் நகர மகப்பேறு மருத்துவர் தார்னியே, உயிரினக் காட்சிச் சாலை ஒன்றில் கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டியைக் கண்டார். குறைமாதக் குழந்தைகள் பெரும்பாலும் குளிரில் உடல் வெப்பம் இழந்தே இறக்கின்றன என்பதை அவர் அறிவார். பெட்டியைச் செய்த ஓதில் மார்த்தேன் என்பவரிடமே குழந்தைகளுக்கும் ஒன்று செய்யச் சொன்னார். வெந்நீர்த் தொட்டியால் சூடேற்றப்பட்ட அந்தப் பெட்டி 1880-ல் பாரிஸ் மகப்பேறு மருத்துவமனைக்கு வந்தது. 2000 கிராமுக்குக் குறைந்த எடையுள்ள குழந்தைகளின் இறப்பு விகிதம் அங்கே 66 விழுக்காட்டிலிருந்து 38 விழுக்காடாகக் குறைந்தது.

வெப்பத்துக்குப் பிறகு ஆக்சிஜன் வந்தது. 1940-களில் அமெரிக்காவில் நன்கு மூடிய புதுவகை இன்குபேட்டர்கள் பரவின. அவற்றுக்குள் ஆக்சிஜனை நிறைய நிரப்புவது எளிது. நீலம் பாய்ந்த குழந்தை சிவந்த நிறம் பெறுவதைக் கண்டு எல்லோரும் மகிழ்ந்தனர்.

வசதி தந்த குருடு

1942-ல் பாஸ்டன் கண் மருத்துவர் டெரி ஒரு விந்தையான நோயைப் பற்றி எழுதினார். உயிர் பிழைத்த குறைமாதக் குழந்தைகள் சில மாதங்களில் பார்வை இழந்தன. அடுத்த பத்து ஆண்டுகளில் உலகெங்கும் ஏறத்தாழ 10,000 குழந்தைகள் இவ்வாறு பார்வை இழந்ததாக மதிப்பிடப்படுகிறது. 1950-ல் பிறந்த புகழ்பெற்ற இசைக்கலைஞர் ஸ்டீவி வொண்டர் அவர்களுள் ஒருவர்.

வியப்பு என்னவென்றால், இந்நோய் வசதி மிக்க மருத்துவமனைகளையே தாக்கியது. இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில், 1948-ல் தேசிய நலவாழ்வுத் திட்டம் வந்து கருவிகள் தாராளமாகக் கிடைத்த பிறகே அது தலைகாட்டியதை மேரி கிராஸ் என்ற மருத்துவர் கவனித்தார். மெல்போர்னில் கேட் கேம்ப்பெல் 1951-ல் ஆக்சிஜன் மீதே ஐயம் தெரிவித்தார்.

காரணம் இதுதான். கருப்பையில் குழந்தையின் இரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் நம்முடையதில் மூன்றில் ஒரு பங்கு அளவே. அந்தக் குறைந்த அழுத்தத்தில்தான் விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் மெல்ல வளர்கின்றன. முன்னதாகப் பிறந்துவிட்ட குழந்தைக்கு ஆக்சிஜன் மிகுந்தால் அவ்வளர்ச்சி நின்றுபோகிறது. பின்னர் அவை முறைகேடாகக் கிளைத்து விழித்திரையையே பிய்த்து இழுக்கின்றன.

வாஷிங்டன் நகரில் ஆர்னல் பாட்ஸ் என்னும் மருத்துவர் இதைச் சோதிக்க முற்பட்டார். ஒரு பிரிவுக் குழந்தைகளுக்கு மிகுதியாகவும், மற்றப் பிரிவுக்கு 40 விழுக்காட்டுக்குக் குறைவாகவும் ஆக்சிஜன் தரப்பட்டது. ஆனால் இரவில் சில நர்சுகள் குறைந்த பிரிவுக் குழந்தைகளுக்கும் குழாயைத் திறந்துவிட்டார்கள்! குழந்தைக்கு மூச்சு முட்டுமே என்ற இரக்கம்தான். ஆக்சிஜன் கூடினால் தீங்கு என்பதை அவர்கள் நம்பும்படி எவரும் விளக்கியிருக்கவில்லை. 1952-ல் பாட்ஸின் முடிவுகள் வெளிவந்தன. 18 மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய பெரிய ஆய்வு 1954-ல் அவற்றை உறுதி செய்தது.

அடுத்து மறுகோடிக்குப் போனார்கள். எல்லோருக்கும் ஆக்சிஜனைக் குறைத்தார்கள். குருடு குறைந்தது, இறப்பு கூடியது. காப்பாற்றிய ஒவ்வொரு பார்வைக்கும் சுமார் 16 குழந்தைகள் இறந்திருக்கலாம் என்று 1973-ல் கிராஸ் என்னும் வேறோர் ஆய்வாளர் கணக்கிட்டார். கூடினால் கண் போகும், குறைந்தால் உயிர் போகும். இடையிலுள்ள வழியோ மிகக் குறுகியது.

100 என்னும் எண்

அந்த வழியைக் காட்டும் கருவிக்கு அடிப்படை அமைத்தவர் ஜப்பானியப் பொறியாளர் தாகுவோ ஆயோகி. 1974-ல் வெளியான அவருடைய பல்ஸ் ஆக்சிமீட்டர் முறை எளிமையானது. ஆக்சிஜன் ஏற்ற ஹீமோகுளோபினும் ஏற்காததும் சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் வெவ்வேறு அளவில் உட்கவர்கின்றன. விரலையோ பாதத்தையோ கடந்து வரும் இவ்விரு ஒளிகளை ஒப்பிட்டு, ஹீமோகுளோபினில் எத்தனை விழுக்காடு ஆக்சிஜன் ஏற்றிருக்கிறது என்று கருவி சொல்கிறது.

இங்கேதான் சிக்கல். ஒரு பேருந்தில் எல்லா இருக்கைகளும் நிரம்பினால் 100 விழுக்காடு. அதன்பின் வாசலில் பத்துப் பேர் நின்றாலும் நூறு பேர் நின்றாலும் இருக்கைக் கணக்கு 100-தான். அதுபோல இரத்தத்தின் ஆக்சிஜன் அழுத்தம் 100 மில்லிமீட்டராக இருந்தாலும் 400 ஆக இருந்தாலும் திரையில் தெரிவது 100 மட்டுமே. ஆகவே ஆக்சிஜன் பெறும் குறைமாதக் குழந்தைக்கு 100 என்பது முழு மதிப்பெண் அன்று, அபாய அறிவிப்பு. 90-க்கும் 95-க்கும் இடையில் நிறுத்துவதே பொதுவாகப் பின்பற்றப்படும் முறை. அந்தச் செவிலியரின் கருவியில் மேல் எல்லைக்கான மணி அணைந்திருந்தது. அப்படி ஒரு மணி இருப்பதையே அவருக்கு யாரும் சொல்லவில்லை.

நம் நாட்டில்

அன்று வசதி மிகுதியால் வந்த நோய், இன்று சிக்கனத்தால் வருகிறது. ஆக்சிஜனையும் காற்றையும் கலந்து தரும் பிளெண்டர் கருவி இல்லாத இடங்களில் சிலிண்டரின் ஆக்சிஜன் அப்படியே செல்கிறது. ஒரு லிட்டர் ஆக்சிஜனோடு மூன்று லிட்டர் காற்றைக் கலந்தால் சுமார் 41 விழுக்காடு கிடைக்கும். மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம். கலக்காவிட்டால் 100.

தமிழ்நாட்டில் நடந்த ஒரு வழக்கை நினைவுகூர்வது தகும். 1996 ஆகஸ்டில், சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் 29-வது வாரத்தில், 1250 கிராம் எடையோடு ஒரு பெண் குழந்தை பிறந்தது. சுமார் 25 நாள் இன்குபேட்டரில் இருந்தது. உயிர் பிழைத்தது. ஆனால் கண்ணைப் பரிசோதிக்க வேண்டும் என்று பெற்றோருக்குச் சொல்லப்படவில்லை. பார்வை போயிற்று. 2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஏறத்தாழ 1.8 கோடி ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது.

இந்தத் தொகையோடு இன்னோர் எண்ணையும் வைத்துப் பாருங்கள். அதே 2015-ல் தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் வழியாக 7,000-க்கு மேற்பட்ட செவிலியர்கள் பணியமர்த்தப்பட்டனர். மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் போராடினார்கள். குறைந்த ஊதியத்தில், நிலையற்ற வேலையில் இருப்பவர் ஓரிடத்தில் தங்கித் தேர்ச்சி பெறுவது அரிது. பயின்றவர் வேறு வார்டுக்கோ வேறு ஊருக்கோ போய்விட்டால் பயிற்சியும் அவரோடு போய்விடுகிறது. கருவி மட்டும் மின்னிக்கொண்டு நிற்கிறது.

கருவியின் விலையில் பயிற்சியும் அடங்கும். அதை மிச்சப்படுத்தியவர் பாதிக் கருவியைத்தான் வாங்கியிருக்கிறார். பின்னர் தவறு நேர்ந்தால் பழி மட்டும் முழுமையாக நர்ஸின் மேல் விழுகிறது. வாஷிங்டனில் குழாயைத் திறந்த கைகளும் அன்பான கைகளே. அவற்றுக்குத் தேவைப்பட்டது அதட்டல் அன்று, விளக்கம்.

பெற்றோரும் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். 34 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைக்கும், 2000 கிராமுக்குக் குறைந்த எடையில் பிறந்த குழந்தைக்கும் 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை தேவை. மிகச் சிறிய குழந்தைகளுக்கு அதற்கும் முன்பே. காலத்தில் கண்டால் லேசர் சிகிச்சையால் பெரும்பாலும் பார்வையைக் காக்கலாம்.

நான் படித்ததை அந்தச் செவிலியரிடம் சொன்னேன். அவர் மருத்துவரிடம் பேசி, கருவியின் மேல் எல்லையை 95-ல் வைக்கச் செய்தார். இப்போது 100-ஐ நெருங்கினாலும் மணி அடிக்கிறதாம். “முன்னைவிட வேலை கூடிவிட்டது, சார்” என்றார். பிறகு, மற்ற நர்சுகளுக்கும் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியிருப்பதாகச் சொன்னார்.