கார்த்திக்: ஒற்றை இருக்கை மிதவை வானூர்தி

கார்த்திக் என்பது ஒருவர் மட்டும் அமர்ந்து ஓட்டும் இந்திய மிதவை வானூர்தி (கிளைடர்) ஆகும். இதற்கு எஞ்சின் கிடையாது. புதுதில்லியில் சிவில் விமானப் போக்குவரத்துத் துறையின் தொழில்நுட்ப மையத்தில் எஸ். ராமாமிர்தம் இதனை வடிவமைத்தார். மரத்தால் கட்டப்பட்ட இதன் இறக்கைகள் முனைக்கு முனை 15 மீட்டர் நீளம் கொண்டவை. 1963இல் முதன்முதலாகப் பறந்தது.

பெயர் வரிசை

இம்மையம் தன் வானூர்திகளுக்கு நட்சத்திரப் பெயர்களைச் சூட்டியது. அசுவினி 1958இலும், ரோகிணி, பரணி ஆகியவை 1961இலும் பறந்தன. கார்த்திகையை நினைவூட்டும் கார்த்திக் அடுத்து வந்தது. 1970இல் மிருகசீரிடம் பறந்தது. பறக்கும் சங்கங்களுக்கென உருவாக்கப்பட்ட எஞ்சின் விமானமான ரேவதி 1967இல் பறந்தது.

பறக்கும் முறை

பழவேற்காடு ஏரிக்கரையில், தோணிரேவு போன்ற மீனவர் ஊர்களில், கூழைக்கடாக்கள் சிறகசைக்காமல் வட்டமிட்டு மேலேறுவதைப் பார்த்திருப்பீர்கள். வெயிலில் நிலம் சூடானால் அதன்மேல் உள்ள காற்றும் சூடாகி எழும்பும். பறவை அந்த எழுகாற்றுக்குள்ளேயே சுற்றுகிறது. மிதவை வானூர்தியும் அதையே செய்கிறது. பட்டத்தை நூல் பிடித்து ஓடி ஏற்றுவதுபோல, பொறியால் சுற்றப்படும் கம்பிவடம் அதை இழுத்து உயர்த்தும். அல்லது ஒரு விமானம் இழுத்துச் செல்லும். வடம் விடுபட்டபின் அது எப்போதும் சறுக்கி இறங்கிக்கொண்டே இருக்கும். அது இறங்கும் வேகத்தைவிடக் காற்று எழும்பும் வேகம் மிகுந்தால் மேலேறும்.

ஒற்றை இருக்கை ஏன்?

சங்கங்களின் அன்றாட வேலை பயிற்சி அளிப்பது. அதற்கு ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து அமரும் இரட்டை இருக்கை வேண்டும். ஆகவே இரட்டை இருக்கை கொண்ட ரோகிணி நூற்றுக்கு மேல் கட்டப்பட்டது. ஒற்றை இருக்கை கொண்ட பரணியும் கார்த்திக்கும் விரல்விட்டு எண்ணும் அளவிலேயே உருவாயின. பணம் குறைந்த சங்கத்தில், புதிதாகக் கற்க வருவோருக்குப் பயன்படாத வானூர்தி பின்னுக்குத் தள்ளப்படுவது இயல்பே.

ஆனால் இரண்டாவது ஆளின் எடையும் இடமும் இல்லாததால், ஒற்றை இருக்கை வானூர்தியின் உடலை மெலிதாகக் கட்டலாம். காற்றுத் தடை குறையும். நெடுந்தொலைவுப் பறத்தலுக்கும் போட்டிக்கும் அது ஏற்றது. அதோடு, எழுகாற்று எங்கே இருக்கிறது, எப்போது திரும்ப வேண்டும், எங்கே இறங்க வேண்டும் என்பதை ஓட்டுநர் தனியே முடிவு செய்ய வேண்டும். கேட்பதற்குப் பக்கத்தில் ஆசிரியர் இல்லை. கற்றுக்கொடுக்க ரோகிணி வேண்டும். கற்றது நிலைத்ததா என்று அறியக் கார்த்திக் வேண்டும். எண்ணிக்கையில் சிறிதானாலும், இந்திய மிதவைப் பறத்தல் வரலாற்றில் கார்த்திக்கின் இடம் அதுவே.