மேஸ்திரிக்கு வந்த பாடம்

1917-ல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியபோது அதன் கப்பல் தளங்களில் தேர்ந்த ஆட்களுக்குப் பஞ்சம். புதியவர்களைச் சேர்த்துவிடலாம், தொழிலைச் சொல்லித்தருவது யார்? சார்லஸ் ஆலன் என்ற தொழிற்கல்வியாளர், கைதேர்ந்த தொழிலாளியையே ஆசானாக்கும் முறையை வகுத்தார். ஆயத்தப்படுத்துவது, காட்டுவது, செய்யவைப்பது, சோதிப்பது என அதில் நான்கு படிகள். ஜெர்மானியர் ஹெர்பார்ட்டின் வழிவந்தவர்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கு வகுத்த பாடமுறையின் சாயல் அதில் தெரியும். 1919-ல் ஆலன் இதை நூலாக எழுதினார்.

அடுத்த போர் நெருங்கியபோது, 1940-ல், தொழிற்சாலைப் பயிற்சிக்கென்றே ஓர் அரசுப் பிரிவு அமைந்தது. சானிங் டூலி அதன் தலைவர். முதலில் வந்த சிக்கல்களில் ஒன்று லென்ஸ் தீட்டுபவர்களின் தட்டுப்பாடு. அந்தத் தொழிலைக் கற்க ஆண்டுக்கணக்கில் ஆகும் என்பது அன்றைய நம்பிக்கை. வேலையைக் கூறுபோட்டுப் பார்த்தபோது, பெரும்பகுதி கைத்திறன் அதிகம் தேவைப்படாதது என்று தெரிந்தது. பயிற்சி மாதக்கணக்குக்குச் சுருங்கியது.

இந்த அனுபவத்தோடு ஆலனின் படிகளும் சேர்ந்து மேஸ்திரிகளுக்கான 10 மணி நேர வகுப்பாயிற்று. நாளுக்கு இரண்டு மணி நேரம், ஐந்து அமர்வுகள், குழுவுக்குப் பத்துப் பேர். முதல் அமர்வில் மின்கம்பியில் போடும் ஒரு முடிச்சு. பயிற்றுநர் அதை வாயால் மட்டும் விளக்குவார். ஒருவருக்கும் போட வராது. பிறகு பேசாமல் போட்டுக் காட்டுவார், அப்போதும் வராது. மூன்றாம் முறை கற்பவரைத் தன் பக்கத்திலேயே நிறுத்திக்கொள்வார். எதிரே நின்றால் இடம் வலமாகத் தெரியுமே! ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்பார், ஒவ்வொரு படியாகக் காட்டுவார், கவனிக்கவேண்டிய நுணுக்கத்தை அந்தந்த இடத்திலேயே சொல்வார், பின்பு செய்யவைத்து அவர் வாயாலேயே விளக்கவும் வைப்பார். முடிச்சு விழும்.

முன்பே தெரிந்ததைக் கேட்டறிவதுதான் இம்முறையின் உயிர். குடும்பம் நடத்துகிறவரை ஒன்றும் தெரியாத பிள்ளையாகப் பாவித்தால் அவர் காது கொடுக்கமாட்டார். தொழிலாளி கற்கவில்லை என்றால் குறை சொல்லித்தந்தவருடையது என்று மேஸ்திரிகளுக்குத் தந்த சட்டைப்பை அட்டையிலேயே அச்சிட்டிருந்தார்கள். பள்ளிக்கூடங்கள் இவ்வளவு துணிந்ததில்லை. ஆனால் கண்ணால் பார்த்துப் பிரிக்கக்கூடிய வேலைக்கே இது பொருந்தும். பழுதின் காரணத்தை ஊகிக்கும் திறமைக்கு நான்கு படி போதாது.

1945-ல் பிரிவு மூடப்பட்டபோது, இந்த ஒரு வகுப்பை மட்டும் சுமார் 10 லட்சம் பேர் முடித்திருந்தார்கள். அமெரிக்க ஆலைகள் மெல்ல அதை மறந்தன. போருக்குப் பின் அமெரிக்க ஆக்கிரமிப்பின்போது ஜப்பானுக்குப் போன முறை அங்கே வேரூன்றியது. டொயோட்டா ஆலைகளில் படி, நுணுக்கம், அதற்கான காரணம் என்று வேலையைப் பிரித்தெழுதும் வழக்கம் இதன் வழிவந்ததே.