சிக்கனக் கட்டடக்கலையும் கேரளமும்

பாலக்காட்டுக் கணவாயில் தமிழக எல்லைக்கு அருகிலுள்ள எலப்புள்ளி வட்டாரத்தில் மண்சுவர், பனஞ்சட்டம், பனையோலை ஆகியவற்றால் வீடு கட்டுவது பழைய வழக்கம். அருகில் கிடைப்பதைக் கொண்டு கட்டும் இத்தகைய மரபின் அறிவை இமயமலை ஊரான பித்தோராகரில் கற்றறிந்த கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் (1917–2007), 1960களில் இன்றைய இடுக்கி மாவட்டத்து வாகமண்ணில் குடியேறி, பின்னர் திருவனந்தபுரத்தில் தங்கி, அதனை நவீனத் தொழில்நுட்பமாக வளர்த்தெடுத்தார்.

அவர் பரப்பிய முறைகளுள் இரண்டு தலையாயவை. எலிப்பொறிக் கட்டு என்பது செங்கற்களைப் படுக்கையாக வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டு எழுப்பும் சுவராகும். இதனால் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செங்கல் மிச்சமாவதுடன், உள்ளிருக்கும் காற்று வெப்பத்தையும் தடுக்கிறது. நிரப்புத் தளம் என்பது கூரைத் தளத்தின் அடிப்பகுதியில், கம்பியே இழுவிசையைத் தாங்குவதால் கான்கிரீட் அதிகம் தேவைப்படாத இடங்களில், பழைய ஓடுகளைப் பதிப்பதாகும்.

பேக்கர் வடிவமைத்த திருவனந்தபுரம் வளர்ச்சி ஆய்வு மைய வளாகம் இம்முறைகளின் வலிமைக்குச் சான்றாயிற்று. முன்னாள் முதல்வர் சி. அச்சுத மேனோனின் துணையுடன் 1985இல் திருச்சூரில் உருவான காஸ்ட்ஃபோர்டு நிறுவனம் இவற்றை ஏழை மக்களின் வீடுகளுக்குக் கொண்டுசென்றது. சிக்கனம் என்பது தரக்குறைவன்று, தேவையற்றதை விலக்கும் அறிவே என்பதை இவ்வரலாறு ஐயமற நிறுவுகிறது.