அக்காரவடிசில்

அக்காரவடிசில் என்பது அரிசியைப் பாலில் வேகவைத்து, வெல்லமும் நெய்யும் சேர்த்துச் செய்யப்படும் இனிப்புச் சோறு ஆகும். தஞ்சாவூர் உள்ளிட்ட காவிரிப் படுகையின் வைணவக் கோயில்களிலும் இல்லங்களிலும், திருப்பாவையின் 27ஆம் பாசுரத்திற்குரிய மார்கழி 27ஆம் நாளான கூடாரவல்லியன்று இது படைக்கப்படுகிறது. அக்காரம் (வெல்லம்), அடிசில் (சோறு) ஆகிய சொற்கள் இணைந்து இப்பெயர் அமைந்தது.

நேர்த்திக்கடன்

திருமாலிருஞ்சோலை அழகருக்கு 100 தடா (பெரிய பானை) வெண்ணெயும் 100 தடா அக்காரவடிசிலும் நேர்ந்துகொண்டதாக ஆண்டாள் நாச்சியார் திருமொழியில் பாடியுள்ளார். அவ்வேண்டுதலைப் பிற்காலத்தில் இராமானுசர் நிறைவேற்றினார் என்பதும், அதனால் ஆண்டாள் அவரை அண்ணா என அழைத்தார் என்பதும் வைணவ மரபு.

செய்முறை

ஒரு பங்கு பச்சரிசியையும் சிறிதளவு பாசிப்பருப்பையும் வறுத்து, ஏறத்தாழ 5 பங்கு பாலில் சிறுதீயில் குழைய வேகவைக்க வேண்டும். பால் வற்றிய பின்னரே, 2 பங்கு வெல்லத்தைக் கரைத்து வடிகட்டிய பாகைச் சேர்க்க வேண்டும். முன்னதாகச் சேர்த்தால் அரிசி குழையாது, பாலும் திரிந்துவிடக்கூடும். பின்னர் நெய்யைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கிளறி, ஏலக்காய், பாலில் ஊறிய குங்குமப்பூ, மிகச் சிறிதளவு பச்சைக் கற்பூரம் ஆகியன சேர்த்து இறக்குவர். சர்க்கரைப் பொங்கல் பெரும்பாலும் நீரில் வேகவைக்கப்படுவதால் இதனின்று வேறுபடுகிறது.

ஒப்பீடு

ஈரானில் அரிசி, சர்க்கரை, குங்குமப்பூ, ரோசாப் பன்னீர் ஆகியவற்றால் செய்யப்படும் ஷோலே சர்து இதனையொத்த உணவாகும். அதில் பொதுவாகப் பால் சேர்ப்பதில்லை. முகர்ரம் முதலிய நாட்களில் அதனை வேண்டுதலாகச் சமைத்து அண்டை வீட்டாருக்கு வழங்குவர். வேண்டுதலை இனிப்புச் சோறாகச் செலுத்தும் வழக்கம் இரண்டிற்கும் பொதுவானது.